கொத்து பாஸ் வராத கொத்துக் கடை: 5க்கு 3

முதல்லயே சொல்லிடுறன், கடைப் பேர் போடமாட்டன். கொழும்பு வெள்ளவத்தையில காலி வீதியில இருந்து கடற்கரைப் பக்கம் இறங்குற ஒழுங்கை ஒண்டுக்குள்ள இருக்கு, எட்டு மேசை, மூண்டு ஃபேன், அதில ஒண்டுதான் ஒழுங்காச் சுத்தும், முதலாளி என்னை 12 வருஷமாத் தெரிஞ்ச மனுசன், அந்தாளின்ர வயித்தில அடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனா அங்க சாப்பிடுற ஆக்களுக்கு வாசிக்கேக்கயே எந்தக் கடை எண்டு பிடிபடும், ஏனெண்டா ஒரு மாசமா அங்க சத்தம் மாறிப் போச்சு.

கொத்துச் சத்தம்தான் சொல்லுறன். எங்கட பாஸ் அண்ணை (முதலாளி இல்லை, கல்லில நிண்டு கொத்துப் போடுற கைதேர்ந்த ஆள்) கொத்தினா மூண்டு அடி, ஒரு சின்ன இடைவெளி, பிறகு ரெண்டு அடி. அந்த இடைவெளியில என்ன செய்யிறார் எண்டு கனநாள் எனக்கு விளங்கேல்ல. ஒரு நாள் கல்லுக்குப் பக்கத்தில நிண்டு பாத்தன், ரொட்டியும் மரக்கறியும் ஆவி விடுறதுக்கு ஒரு செக்கன் விட்டுட்டு, அது இளகின உடனதான் அடுத்த அடிக்குக் கொத்துற தகட்டைப் போடுறார். அதாலதான் அவற்ற கொத்து களியாகாது, துண்டு துண்டா நிக்கும், குழம்பும் உள்ள இறங்கியிருக்கும். இப்ப ஒரு மாசமா அந்த இடைவெளி இல்லை. டக டக டக டக எண்டு ஒரே அடி. பாஸுக்குப் பதிலா கடைப் பெடியன் ஒருத்தன் அடிக்கிறான்.

பாஸ் வரேல்ல. சுகமில்லாம இல்லை, ஹட்டன் பக்கம் வீட்டில இருக்கிறார், சண்டை பிடிச்சுப் போகவும் இல்லை, சம்பளம் பேசி முடிஞ்சா வருவன் எண்டு இருக்கிறார். அமெரிக்காக்காரர் இதுக்கு ஹோல்ட்அவுட் எண்டு பேர் வச்சிருக்கினம், எனக்கு இந்த விஷயம் தலைக்குள்ள ஏறினதுக்கும் அதுதான் காரணம்.

சாப்பாட்டை முதல் முடிச்சிடுறன். சிக்கன் கொத்து 1,400 ரூபா, அளவு முந்தின அளவுதான், ரெண்டு பேர் தாராளமாச் சாப்பிடலாம். ரொட்டி நல்லாத்தான் இருக்கு, அது வேற ஆள் வீசுறார். குழம்பும் மாறேல்ல. ஆனா கொத்தினது சரியில்லை, ஒரு பக்கம் மாவாப் போயிருக்கு, மற்றப் பக்கம் லீக்ஸ் பச்சையாக் கிடக்குது. சீஸ் கொத்து எடுத்த அண்டைக்கு சீஸ் முழுக்க ஒரே கட்டியா நடுவில இருந்துது, என்ர மனுசி அதைக் கரண்டியால தூக்கிக் காட்டிச் சிரிச்சது. முட்டைக் கொத்து மட்டும் பெடியன் நல்லாச் செய்யிறான், அதைச் சொல்லத்தான் வேணும். பிளேன்டீ வழமை போல இஞ்சி தூக்கலா அருமை. சேவை பற்றிக் குறை சொல்ல ஒண்டுமில்லை, சனம் குறைஞ்சதால இப்ப முந்தியைவிடக் கெதியா வருது, அது நல்ல அறிகுறி இல்லை எண்டு முதலாளிக்கும் தெரியும்.

இனி நான் சொல்ல வந்தது.

எனக்கு என்எஃப்எல் எண்ட அமெரிக்க ஃபுட்போல் லீக்கில விசர். மனுசியின்ர தம்பி டொரொண்டோவில, அவன் 2016ல என்னை ஃபேன்டசி லீக் ஒண்டில (உண்மையான ஆட்டக்காரரை வச்சுக் கற்பனை டீம் கட்டிப் புள்ளி சேர்க்கிற போட்டி) இழுத்து விட்டவன், அண்டையில இருந்து செப்டெம்பர் வந்தா ஞாயிறு இரவு பத்தரைக்கு வீட்டில ஒருத்தரும் என்னோட கதைக்க மாட்டினம். அது நாங்க காலால அடிக்கிற ஃபுட்போல் இல்லை, கையில முட்டை மாதிரி பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுறது, அதில ரன்னிங் பேக் எண்டு ஒருத்தன் இருக்கிறான், அவன்ர வேலை பந்தை வாங்கிக்கொண்டு நூறு கிலோவுக்கு மேல இருக்கிற ஆக்கள் நிக்கிற மதிலுக்குள்ள நேரப் போய் முட்டுறது. ஒரு வருஷத்தில முந்நூறு தரம் இப்பிடி முட்டுவான். உடம்பு எவ்வளவு நாளைக்குத் தாங்கும்? இருபத்தெட்டு வந்தாலே ‘வயசு போட்டுது’ எண்டு கதைக்கத் தொடங்கிடுவினம்.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸில லெவியன் பெல் எண்டு ஒருத்தன் இருந்தவன். பந்தை வாங்கினா உடன ஓட மாட்டான், அந்த ஆள் மதிலுக்குப் பின்னால ஒரு செக்கன் நிப்பான், முன்னுக்கு ஆக்கள் தள்ளுப்பட்டு ஒரு வழி திறபடும், திறபட்ட உடன பாய்வான். எங்கட பாஸின்ர அந்த இடைவெளிதான், ஒரு வித்தியாசமும் இல்லை. 2017ல மட்டும் 321 தரம் பந்தைக் கொண்டு ஓடி 1,291 யார்ட், அதுக்கு மேல எறிஞ்ச பந்தை 85 தரம் பிடிச்சவன். இவ்வளவையும் ஒரு வருஷக் கொன்ட்ராக்ட்டில செய்தவன், ஏனெண்டா டீம் அவனுக்கு ஃப்ரான்சைஸ் டாக் போட்டிருந்துது.

டாக் எண்டா என்ன எண்டு முதலாளிக்கு விளங்கப்படுத்தப் போய் நான் பட்ட பாடு! கொன்ட்ராக்ட் முடிஞ்ச ஒருத்தனை, வேற டீம் சுதந்திரமாப் பேரம் பேசிக் கூட்டிக்கொண்டு போகாதபடி, ஒரு வருஷத்துக்குப் பிடிச்சு வைக்கிற உரிமை. சும்மா இல்லை, அந்த இடத்தில விளையாடுற ஆக்களில கூடச் சம்பளம் எடுக்கிற அஞ்சு பேரின்ர சராசரிக்குக் கிட்டக் குடுக்க வேணும், அடுத்த வருஷமும் போட்டா 20 வீதம் கூட்ட வேணும். பெல்லுக்கு 2017ல 12.12 மில்லியன் டொலர், 2018ல 14.54 மில்லியன். கேக்க நல்லாத்தானே இருக்கு, இவ்வளவு காசை வேண்டாம் எண்டவன் பைத்தியக்காரனோ எண்டு முதலாளி கேட்டார். ஆனா அது ஒரு வருஷக் காசு. ரெண்டாம் கிழமை முழங்கால் போனா அடுத்த வருஷம் ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டினம். அங்க கொன்ட்ராக்ட்டில எவ்வளவு எழுதியிருந்தாலும், ‘உறுதி’ எண்டு தனிய எழுதின காசு மட்டும்தான் நிச்சயமாக் கைக்கு வரும், மிச்சத்தை டீம் விரும்பின நேரம் வெட்டலாம். ஸ்டீலர்ஸ் அஞ்சு வருஷத்துக்கு 70 மில்லியன் பேசினது எண்டு வெளியில அடிபட்டுது, அதில உறுதிக் காசு காணாது எண்டுதான் பிரச்சினையே.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கேக்க ரொட்டி வீசுறவர் அங்கால இருந்து, “பாஸும் அதைத்தானே தம்பி கேக்குறாரு” எண்டார்.

முதலாளி எனக்குச் சொன்னது பாதிக் கதை. நாளுக்கு 5,000 குடுத்துக்கொண்டிருந்தவர், பாஸ் 7,000 கேட்டவராம், ரெண்டாயிரம் ஒரேயடியா எப்பிடிக் கூட்டுறது எண்டு என்னட்ட அழாக்குறையாக் கதைச்சவர். மற்றப் பாதி என்னெண்டா, பாஸுக்கு வலது மணிக்கட்டு ஆறு மாசமா நோவு, கையை உருவி உருவித்தான் கொத்துறவர், நானே கண்டனான், எண்ணெய் போட்டுத் துணி சுத்தியிருப்பார். அவர் கேட்டது 6,000 எண்டாலும் பரவாயில்லை, ஆனா கை ஏலாம நிண்டா அந்த நாளுக்கு அரைச் சம்பளமாவது தாங்கோ எண்டது. வேலை செய்யாத நாளுக்குக் காசோ எண்டு முதலாளிக்குக் கோவம் வந்திட்டுது. பாஸ் அண்டைக்கு இரவே வேனில ஏறிப் போயிட்டார். 14.54 மில்லியனும் 5,000 ரூபாவும் ஒண்டில்லைத்தான், ஆனா கேள்வி ஒண்டுதான்: உனக்காக உழைச்சு உடம்பு உடைஞ்சா அந்தச் செலவு ஆற்ற கணக்கில?

சரி, பெல் என்ன செய்தவன்? கையெழுத்தே போடேல்ல. கையெழுத்துப் போடாட்டி கொன்ட்ராக்ட் இல்லை, கொன்ட்ராக்ட் இல்லாட்டி தண்டமும் இல்லை. இப்ப கொன்ட்ராக்ட்டில இருக்கிறவன் பயிற்சி முகாமுக்கு வராட்டி நாளுக்கு 50,000 டொலர் வரை தண்டம், லீக்கும் வீரர் சங்கமும் செய்த 2020 ஒப்பந்தத்துக்குப் பிறகு அப்பிடி வராம நிக்கிற விளையாட்டைக் கனபேர் விளையாடுறேல்ல, முகாமுக்கு வந்து சும்மா ஓரமா நிப்பினம். பெல்லுக்கு அந்தத் தலையிடி இல்லை, ஆனா வராத ஒவ்வொரு கிழமைக்கும் கிட்டத்தட்ட 855,000 டொலர் போகும். எல்லாரும் முதல் மாட்ச்சுக்கு வருவான் எண்டினம், வரேல்ல. பிறகு டீமுக்கு மாட்ச் இல்லாத இடைவேளைக் கிழமைக்கு வருவான் எண்டினம், வரேல்ல. நவம்பர் 13 பின்னேரம் நாலு மணி கடைசி நேரம், எங்களுக்கு 14 விடியப்புறம் ரெண்டரை, நான் ஃபோனைப் பிடிச்சுக்கொண்டு முழிச்சிருந்தன், ஏனெண்டா என்ர ஃபேன்டசி டீமில அவனை முதலாவது ஆளா எடுத்திருந்தன், அந்த வருஷம் நான் பட்ட அவமானம் தனிக் கதை. வரேல்ல. அந்த வருஷத்துக் காசு முழுக்கப் போச்சு. அடுத்த நாள் டீம்காரரே அவன்ர லொக்கரைத் திறந்து சப்பாத்தெல்லாம் பங்கு போட்டவை, வீடியோ வந்தது.

அந்த லொக்கர் விஷயம் எனக்கு ஏன் ஞாபகம் வந்தது எண்டா, பெடியன் இப்ப பாஸின்ர தகடுகளாலதான் கொத்துறான். பாஸ் தன்ர காசில மருதானையில செய்விச்சது. பெடியனில பிழை இல்லை, முதலாளிதான் எடுத்துக் குடுத்தவர். பாஸுக்குத் தெரிஞ்சா என்ன மாதிரி இருக்கும்.

டீம் பக்கம் பாப்பம், ஏனெண்டா முதலாளி என்னட்டக் கேட்டது அதுதான், “அப்ப அவை என்ன செய்தவை தம்பி?”

ஸ்டீலர்ஸ் செய்தது, கையில இருந்த பெடியனை இறக்கினது. ஜேம்ஸ் கொனர், அதே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில படிக்கேக்க புற்றுநோய் வந்து சுகமாகி வந்தவன். முதல் மாட்ச்சிலயே 135 யார்ட், ரெண்டு டச்டவுன் (பந்தைக் கடைசிக் கோட்டுக்கு அங்கால கொண்டு போய்ப் புள்ளி எடுக்கிறது). பிறகென்ன, பெல் தேவையே இல்லை எண்டு ஊரே கதைக்கத் தொடங்கிட்டுது. பத்து மாட்ச் முடிய 7 வெற்றி, 2 தோல்வி, ஒரு சமன். பிறகு கொனருக்குக் கணுக்கால் பிடிச்சு மூண்டு மாட்ச் இல்லை, கடைசி ஆறு மாட்ச்சில நாலு தோல்வி, பிளேஓஃப் எண்ட கடைசிச் சுற்றுக்குப் போகேல்ல. கொனர் 973 யார்ட் ஓடினவன், ஆளில குறை இல்லை, ஆனா அவனுக்குப் பின்னால ஆள் காணாது. எங்கட பெடியனும் முட்டைக் கொத்தில கெட்டிக்காரன்தான், வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு இருபது ஓடரும் சாப்பாடு கொண்டு போற பிக்மீ பெடியள் ஆறு பேரும் ஒரேயடியா நிக்கேக்க அவன்ர முகத்தைப் பாக்கோணும்.

பெல்லுக்கும் நல்ல முடிவில்லை. 2019ல நியூயோர்க் ஜெட்ஸ் நாலு வருஷம் 52.5 மில்லியன் குடுத்தது, அதில 35 மில்லியன் உறுதி. கேட்ட உறுதிக் காசு கிடைச்சிட்டுது, உண்மை. ஆனா அந்த வருஷம் 789 யார்ட்தான், ஒரு வருஷம் சும்மா இருந்த உடம்பு, முன்னுக்கு வழி திறக்கிற ஆக்களும் அங்க இல்லை, 2020 ஒக்டோபரில வெட்டி விட்டிட்டாங்கள். இதில ஆர் வெண்டது எண்டு இண்டைக்கும் எனக்கும் மச்சானுக்கும் சண்டை. அவன் டீம் எண்டுறான். எனக்கெண்டா ரெண்டு பேரும் தோத்தது. ஸ்டீலர்ஸ் ஒண்டில் கேட்டதைக் குடுத்திருக்க வேணும், இல்லாட்டி டாக் போடாம விட்டிருக்க வேணும். குடுக்கவுமில்லை விடவுமில்லை எண்டு வச்சிருந்து ஒரு வருஷத்தை ரெண்டு பக்கமும் நாசமாக்கினது.

எதிர்ப்பக்கக் கதையும் இருக்கு, மறைக்கேலாது. 2019லயே டலஸ் டீமில ஈசிக்கியல் எலியட், கொன்ட்ராக்ட்டில இன்னும் ரெண்டு வருஷம் இருக்கத்தக்கதா முகாமுக்கு வராம மெக்சிக்கோவில போய் இருந்தவன், முதல் மாட்ச்சுக்குச் சில நாளுக்கு முன்னால 6 வருஷம் 90 மில்லியன், 50 மில்லியன் உறுதி. 2023 மார்ச்சில அதே டலஸ் அவனை வெட்டி விட்டது. குடுத்தா இப்பிடியும் ஆகும். அதே 2019ல சார்ஜர்ஸ் டீமின்ர மெல்வின் கோர்டன் நாலு மாட்ச் வராம இருந்து, ஒண்டும் கிடைக்காமத் திரும்பி வந்தவன். டீம் அசையவே இல்லை, ஏனெண்டா ஆஸ்டின் எக்கலர் எண்டு சம்பளம் குறைஞ்ச ஒருத்தன் அந்த இடத்தில வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தவன். கோர்டனுக்கு அடுத்த வருஷம் டென்வரில ரெண்டு வருஷத்துக்கு 16 மில்லியன்தான். வேடிக்கை என்னெண்டா, 2023ல ரன்னிங் பேக்மாருக்குச் சம்பளம் காணாது எண்டு எல்லாரையும் ஸூமில கூப்பிட்டுக் கதைச்சதும் இதே எக்கலர்தான்.

முதலாளிக்கு இந்தக் கதை நல்லாப் பிடிச்சுக்கொண்டுது. “பாத்தியே, வேற ஆள் கிடைக்கும்” எண்டு மேசையில தட்டினார். இதிலதான் அவருக்குக் கணக்குப் பிழைக்குது. அங்க ஒவ்வொரு ஏப்ரலும் டீமுகள் புதுப் பெடியளைத் தெரிவு செய்யிற ட்ராஃப்ட் நடக்கும், இருபத்தொரு வயசுப் புது ரன்னிங் பேக்மார் நாலு வருஷக் குறைஞ்ச சம்பளத்துக்கு வரிசையில நிப்பாங்கள், அதாலதான் பழையவனுக்கு விலை விழுகுது. கொழும்பில எங்க ட்ராஃப்ட்? 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கை தெரிஞ்ச ஆக்கள் கனபேர் டோஹாவுக்கும் துபாய்க்கும் போயிட்டினம். முதலாளி ஒரு மாசத்தில ரெண்டு பேரைக் கொண்டு வந்து பாத்தவர், ஒருத்தர் மூண்டு நாள், மற்றவர் முதல் சனிக்கிழமை அட்வான்ஸோட காணாமல் போயிட்டார்.

அட்வான்ஸ் எண்டோன நினைவு வந்தது. எங்கட ஊரில டாக் இல்லை எண்டு நான் பெருமையாச் சொல்லப் போக, ரொட்டிக்காரர்தான் திருத்தினவர். பாஸ் மகளின்ர படிப்புக்கு முதலாளியிட்ட அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார், அது கழியாம எதிர்க் கடைக்குப் போகேலாது, போனா முதலாளி அந்தக் கடைக்காரருக்கு ஒரு கோல் எடுத்தாப் போதும். அதுதான் இஞ்ச டாக். என்ன, அமெரிக்காவில டாக் போட்டா டீம் காசு குடுக்குது, இஞ்ச டாக் போட்டா தொழிலாளி காசு குடுக்கிறான்.

முதலாளி தன்னை ஸ்டீலர்ஸ் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். அவர் உண்மையில 1993 டலஸ். அந்த வருஷம் எமிட் ஸ்மித், லீக்கின்ர இறுதிப் போட்டியான சுப்பர் போல் வெண்ட டீமின்ர நட்சத்திரம், சம்பளம் சரி வராம வீட்டில இருந்தவன். டீம் முதலாளி ஜெரி ஜோன்ஸ் அசையேல்ல, புதுப் பெடியன் ஒருத்தனை இறக்கினவர். முதல் மாட்ச் தோல்வி. ரெண்டாம் மாட்ச் சொந்த மைதானத்தில பஃபலோவிட்டத் தோல்வி, டீமின்ர பெரிய ஆள் சார்ள்ஸ் ஹேலி கோவத்தில ஹெல்மெட்டால சுவரை ஓட்டை போட்டவன். அந்தக் கிழமையே 4 வருஷம் 13.6 மில்லியன் குடுத்து ஸ்மித்தைக் கூட்டிக்கொண்டு வந்தவை. பிந்தி வந்தும் லீக்கிலயே கூட யார்ட் ஓடி, சுப்பர் போலும் வெண்டு, அந்த மாட்ச்சின்ர சிறந்த வீரரும் அவன்தான். முதல் ரெண்டையும் தோத்துச் சுப்பர் போல் வெண்ட முதல் டீம் அது. ஆள் இல்லாட்டி இயங்காத டீம் எண்டு தெரிஞ்சா ரெண்டு மாட்ச்சோட பெருமையை விட்டிட வேணும், எங்கட ஆள் ஒரு மாசம் தாண்டியும் விடேல்ல.

விட்டால் என்ன நடக்கும் எண்டும் சொன்னன். நியூயோர்க் ஜயன்ட்ஸ் சேகுவொன் பார்க்லிக்கு 2023ல டாக் போட்டு, இழுபறிப்பட்டு, கடைசியா ஒரு வருஷத்துக்கு 11 மில்லியன் வரை எண்டு சரிக்கட்டினது. அடுத்த வருஷம் நீண்ட கொன்ட்ராக்ட் குடுக்க மனமில்லாம விட்டது. அவன் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனா எனக்கு நித்திரை வராது எண்ட மாதிரி டீம் முதலாளி ஜோன் மாரா கதைச்சது கமராவிலயே இருக்கு. போனான், ஃபிலடெல்ஃபியாவுக்கேதான், மூண்டு வருஷம் 37.75 மில்லியன். 2024ல 2,005 யார்ட், சுப்பர் போல், பிறகு வருஷத்துக்கு 20 மில்லியனுக்கு மேல புதுக் கொன்ட்ராக்ட். ஜயன்ட்ஸ் அந்த வருஷம் 17 மாட்ச்சில மூண்டு வெண்டது. எங்கட ஃபிலடெல்ஃபியா அந்த எதிர்க் கடை, ரோட்டுக்கு மற்றப் பக்கம்தான் இருக்கு, ஏசி போட்டு, புதுக் கல்லும் வச்சிருக்கிறாங்கள், அட்வான்ஸைக் கட்டி எடுக்கிற அளவுக்குக் காசும் இருக்கு.

இதையெல்லாம் கேட்டுட்டு முதலாளி ஒண்டும் சொல்லேல்ல, எழும்பிப் போய் பில்லைக் கொண்டு வந்தார். பிளேன்டீக்குக் காசு எடுக்கேல்ல. வெளிக்கிடேக்க, “அந்த அரைச் சம்பளம் மாசத்துக்கு எத்தின நாள் எண்டு வைக்கலாம்?” எண்டு மட்டும் கேட்டார், நான் நாலு எண்டன், அவர் ரெண்டு எண்டார்.

இப்போதைக்குப் போறதெண்டா: முட்டைக் கொத்து எடுங்கோ, சீஸ் எடுக்காதேங்கோ, ஏழரைக்கு முதல் போங்கோ, பெடியன் களைக்க முதல். வாகனம் விட இடமில்லை. பாங்க் காட் எடுக்க மாட்டினம். மூண்டு ஸ்டாரில ஒண்டு குழம்புக்கு, ஒண்டு பிளேன்டீக்கு, ஒண்டு பெடியனுக்கு. மற்ற ரெண்டும் பாஸின்ர, அவர் வந்தாப் பிறகு போடுறன், எந்தக் கடையில வந்தாலும்.